டிவி விவாதத்துக்குப் புதிதாக வரும் அரசியல் விமர்சகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினால் செய்தி சேனல்களில் புது முகங்கள் வந்துவிடும். குறுக்கிடாதே, கத்தாதே என்பதையெல்லாம் நெறியாளரே சொல்லிக்கொடுத்துவிடுவார். அவற்றை விடுகிறேன்.

நாம் சொன்னதையே களத்தில் கேட்டுவிட்டு வருவது

இதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சலாக இருக்கிறது. இளம் விமர்சகர் ஒருவர் விவாதத்தில், "ஆளுங்கட்சிக்கு எதிராக அண்டர்கரண்ட் ஓடுகிறது" என்றார், அதாவது வெளியே தெரியாத எதிர்ப்பு. மறுவாரம் கொங்குப் பக்கம் போனோம். டீக்கடையில் ஒரு பெரியவர், "அண்டர்கரண்ட் இருக்குதுங்க தம்பி" என்றார். விமர்சகர் உடனே குறித்துக்கொண்டார். அன்று இரவே சேனலில், "மக்களே சொல்கிறார்கள்" என்று பேசினார்.

அதே பெரியவரிடம், "உங்க தெருவுல யாருங்கய்யா மாத்திப் போடப் போறாங்க?" என்று கேட்டிருந்தேன். "அது தெரியலீங்க, டிவியில பேசிக்கிட்டாங்க" என்றார்.

1940இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஓஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழு ஆய்வு செய்தது. வானொலியும் பத்திரிகையும் நேரடியாக மனதை மாற்றியது குறைவு. அவற்றைக் கவனித்துவிட்டு அக்கம்பக்கத்தில் பேசுகிறவர்கள் வழியாகத்தான் கருத்து பரவியது என்று கண்டார்கள். நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர் டீக்கடைப் பெரியவர். அவரிடம் கேட்டால் உங்கள் பேச்சுதான் உங்களுக்குத் திரும்பி வரும்.

அப்புறம் இன்னொரு கேடு. தன் பக்கம் ஆள் குறைவு என்று நினைப்பவர் வெளியே பேசமாட்டார் என்று 1974இல் ஜெர்மன் ஆய்வாளர் எலிசபெத் நோயல் நொய்மன் எழுதினார். ‘அலை’ என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டால் மறுபக்கத்துக்காரர் அடங்கிவிடுவார். ஊரே ஒரு பக்கம் சாய்ந்ததுபோலத் தெரியும்.

"யார் ஜெயிப்பார்?" என்று கேட்காதீர்கள். போன முறை யாருக்குப் போட்டார், இப்போது என்ன மாறியது, நூறு நாள் வேலைக் கூலி வந்ததா என்று கேளுங்கள். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். அவர்களை டீக்கடையில் பார்க்க முடியாது; ரேஷன் கடைக்குப் போங்கள்.

எக்சிட் போலை முடிவாகப் பேசுவது

2024 மக்களவைத் தேர்தலில், ஜூன் 1 மாலை பெரும்பாலான எக்சிட் போல்கள், அதாவது ஓட்டுப் போட்டு வந்தவர்களிடம் கேட்டுச் சொல்லும் கணிப்புகள், தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 சீட்டுக்கு மேல் கொடுத்தன. 3ஆம் தேதி பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. 4ஆம் தேதி கூட்டணி 293இல் நின்றது, சென்செக்ஸ் 4,000 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. நடுவில் நம் பேச்சை நம்பிப் பங்கு வாங்கியவரை நினைத்துப் பாருங்கள்.

ஓட்டு சதவீதத்தை அப்படியே சீட்டாக மாற்றுவது

2016 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக, திமுக அணிகளுக்கு இடையே ஓட்டு வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லை. சீட்டு 134, 98.

கட்சிச் சார்பை மறைப்பது

முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

தலைப்பைக் கவனிக்காமல் விடுவது

அரை மணி நேரம் நிதானமாகப் பேசியிருப்பீர்கள். யூடியூபில் ‘படுதோல்வி உறுதி’ என்று உங்கள் படத்தோடு போட்டுவிடுவார்கள். பலர் வீடியோவைத் திறப்பதே இல்லை. தலைப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஏற்றுவதற்கு முன் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அந்தச் சேனலுக்குப் போகாதீர்கள்.