சீனாவுக்கு முதல் பயணம்: படிப்படியாகத் தயாராவது எப்படி?

சீனாவுக்குப் போகிறேன் என்றால் உறவும் நட்பும் கேட்கும் முதல் கேள்வி, “மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பீர்கள்?” என்பதுதான். மொழியை மொழிபெயர்ப்புச் செயலி பார்த்துக்கொள்ளும். முதல்முறை போகிறவர்கள் திண்டாடுவது கைப்பேசியாலும் பாஸ்போர்ட்டாலும்தான். டீ வாங்குவது, மெட்ரோ ஏறுவது, ரயிலில் இடம் பிடிப்பது, அரண்மனைக்குள் நுழைவது எல்லாம் இந்த இரண்டின் வழியாகவே அங்கே நடக்கின்றன. இவற்றை வீட்டிலேயே ஒழுங்குபடுத்திக்கொண்டு போகிறவருக்குச் சீனா மிகவும் சுலபமான நாடு. அப்படிப் போகாதவருக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்குவதும் பெரும்பாடு. ஆகவே கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை விமானம் ஏறுவதற்கு முன்பு செய்ய வேண்டியவை.

1. நாளையும் ஊரையும் முடிவு செய்யுங்கள்

அக்டோபர் 1 தேசிய தினத்தை ஒட்டிய வாரம், மே தின விடுமுறை, ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும் சீனப் புத்தாண்டு ஆகிய மூன்று சமயங்களையும் தவிர்த்துவிடுங்கள். நாடே பயணத்தில் இருக்கும் நாட்கள் அவை. ரயிலில் இடம் கிடைக்காது, விடுதி வாடகை எகிறிவிடும். ஏப்ரல் மாதமும் அக்டோபர் பிற்பகுதியும் நல்ல பருவம்.

முதல் பயணத்துக்குப் பெய்ஜிங், சியான், ஷாங்காய் ஆகிய மூன்றே போதும். தமிழ் வாசகர்களுக்கு மட்டும் நான்காவதாக ஓர் ஊரை வலியுறுத்திச் சொல்வேன். அது ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள பழைய துறைமுக நகரமான சுவான்சௌ. 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்த ஊர். தமிழ் வணிகர்கள் அங்கே வாழ்ந்ததற்குச் சான்றாக, சிவன் கோயில் ஒன்றைப் பற்றிய 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அந்த ஊரில் கிடைத்திருக்கிறது. அதன் கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. அங்குள்ள கையுவான் பௌத்தக் கோயிலுக்குப் போனால் பிரதான மண்டபத்தின் முன்பக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் சுற்றிப் போனால், நம் கோயில் தூண்களைப் போலவே செதுக்கிய இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றில் கண்ணனையும் நரசிம்மரையும் காணலாம். ஷியாமென் நகரிலிருந்து அதிவேக ரயிலில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

2. விசாவும் பாஸ்போர்ட் பெயரும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலா விசா வாங்க வேண்டும். அதற்கு எல் வகை விசா என்று பெயர். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் சீனத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

தமிழர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சிலருடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். சிலருக்கு இனிஷியல் மட்டும் இருக்கும். சீனாவில் ரயில் டிக்கெட், நுழைவுச்சீட்டு, பணச் செயலி எல்லாமே பாஸ்போர்ட் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில், கீழே அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா? அதன் முதல் வரியில் உங்கள் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில், அதே எழுத்துகளில் எல்லா இடத்திலும் பதிவு செய்யுங்கள். ஓரிடத்தில் ‘செந்தில் முருகன்’, மற்றோரிடத்தில் ‘முருகன் எஸ்’ என்று கொடுத்தால் ரயில் நிலையக் கவுண்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

3. பணம் செலுத்தும் வழியை அமையுங்கள்

மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை நேரடியாகத் தேய்ப்பது சீனாவில் பெரும்பாலும் பெரிய விடுதிகள், பெரிய கடைகள் போன்ற இடங்களோடு நின்றுவிடுகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் அலிபே அல்லது வீசாட் பே என்ற கைப்பேசிப் பணச் செயலிகள்தான். இரண்டிலும் வெளிநாட்டு அட்டைகளை இணைக்க முடியும்.

முதலில் உங்கள் வங்கிச் செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். இந்திய அட்டைகளில் இது பெரும்பாலும் மூடியே இருக்கும். அடுத்து அலிபேயைத் தரவிறக்கி, உங்கள் வழக்கமான கைப்பேசி எண்ணில் கணக்குத் தொடங்குங்கள். அட்டையைச் சேர்த்து, பாஸ்போர்ட் படத்தை ஏற்றி, அடையாளச் சரிபார்ப்பை முடியுங்கள். இரண்டு வெவ்வேறு வங்கிகளின் அட்டைகளைச் சேர்ப்பது நல்லது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையைச் சந்தேகித்து ஒரு வங்கி தடுத்தாலும் மற்றது கைகொடுக்கும். ஓடிபி வருவது இந்தியச் சிம்முக்குத்தான், எனவே அந்தச் சிம்மில் ரோமிங் வசதி இருக்கட்டும். வீசாட்டையும் இதேபோல் அமைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போனதும் பயன்படுத்தும் முறை இரண்டு. பெரிய கடைகளில் செயலியின் ‘பே’ பொத்தானை அழுத்தினால் ஒரு குறியீடு தோன்றும். காசாளர் அதைத் தன் கருவியால் வருடிக்கொள்வார். அந்தக் குறியீடு சற்று நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பதால் படமெடுத்து வைத்துக் காட்டினால் செல்லாது. சிறு கடைகளிலும் தள்ளுவண்டி ஓரத்திலும் நீல நிற அட்டையும் பச்சை நிற அட்டையும் தொங்கும். நீலம் அலிபேக்கு, பச்சை வீசாட்டுக்கு. நீங்கள் அதை ‘ஸ்கேன்’ செய்து, தொகையை நீங்களே அடித்து, முடிந்ததும் திரையைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். தள்ளுவண்டிக்காரர் தன் தனிப்பட்ட குறியீட்டை வைத்திருந்தால் வெளிநாட்டு அட்டையிலிருந்து பணம் போகாமல் இருக்கலாம். அதற்காகத்தான் ரொக்கம். சில நூறு யுவான்களைச் சிறு நோட்டுகளாக வைத்திருங்கள்.

ஒரு பரிவர்த்தனை 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள். எனவே விடுதி வாடகை போன்ற பெருந்தொகைகளை ஊரிலிருந்தே முன்பதிவில் செலுத்திவிடுவது லாபம்.

4. இணையத்துக்கு ஏற்பாடு

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதுவும் சீனாவின் இணையத்தில் திறக்காது. விடுதி வைஃபையிலும் இதே கதைதான். ஆனால் வெளிநாட்டுச் சிம்மின் ரோமிங் வழியாகவோ, பயணத்துக்கென்று விற்கும் இ-சிம் வழியாகவோ போனால் இணைப்பு சீனாவுக்கு வெளியே உள்ள நிறுவனத்தின் வழியே போவதால் இவை பொதுவாக இயங்கும். புறப்படுவதற்கு முன்பே இ-சிம் வாங்கி நிறுவிவிடுங்கள்.

கூகுள் வரைபடத்தை நம்பி நடக்க வேண்டாம், அங்கே அது தெருவையே தள்ளிக் காட்டும். ஆப்பிள் வரைபடமோ, ஆங்கில வசதியுள்ள ஆமேப் செயலியோ போதும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழித் தொகுப்பை இணையம் இல்லாமலும் இயங்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படமெடுத்து வைத்திருப்பது மிக அவசியம். டாக்சிக்காரரிடம் ஆங்கில முகவரியைக் காட்டிப் பயனில்லை.

5. ரயிலும் நுழைவுச்சீட்டும்

ரயில் டிக்கெட்டுக்கு அரசின் அதிகாரபூர்வத் தளம் 12306. ஆங்கிலத்திலும் இருக்கிறது. பயண நாளுக்கு 15 நாட்களுக்கு முன்பு விற்பனை திறக்கும். கணக்குத் தொடங்கிப் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்க நேரம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்டே டிக்கெட். தானியங்கி வாயிலில் வேலை செய்யவில்லை என்றால், ஓரத்தில் ஊழியர் நிற்கும் வாயிலுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டுங்கள்.

பெய்ஜிங்கில் மேற்கு, தெற்கு என்று பல பெரிய நிலையங்கள் இருக்கின்றன. எந்த நிலையம் என்பதை டிக்கெட் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பையைச் சோதிக்கும் வரிசை நீளமாக இருக்கும். ரயில் புறப்படச் சில நிமிடங்கள் இருக்கும்போதே வாயிலை மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விட்டால் பதற்றம் இல்லை. பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் வரையுள்ள சுமார் 1,300 கிலோமீட்டரை வேகமான ரயில்கள் நாலரை மணி நேரத்தில் கடந்துவிடும். விமானத்தைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துக்கு நேரில் போய் டிக்கெட் வாங்க நினைக்காதீர்கள். 7 நாட்கள் முன்பு விற்பனை திறக்கும், சீக்கிரமே தீர்ந்துவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40 யுவான். வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை. தியானன்மென் சதுக்கத்துக்கும் தனியாக முன்பதிவு தேவை. பெருஞ்சுவருக்குப் பாதலிங்கைவிட முதியான்யு பகுதியில் நெரிசல் குறைவு.

6. சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சீனா விருந்துதான். பன்றி இறைச்சியைத் தவிர்க்கும் முஸ்லிம் வாசகர்கள் ‘சிங்ஜென்’ என்ற பெயர்ப்பலகையைத் தேடுங்கள். ஹலால் உணவகங்களுக்கு அங்கே அதுதான் பெயர். லான்சௌ முறையில் கையால் இழுத்துச் செய்யும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

சைவர்களுக்குத்தான் கவனம் தேவை. ‘காய்கறி’ என்று பட்டியலில் போட்டிருந்தாலும் பீன்ஸ் வறுவலில் பன்றிக் கொத்துக்கறி தூவியிருப்பார்கள். மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக் கட்டிக் குழம்பிலும் பெரும்பாலும் இறைச்சி உண்டு. கீரையைச் சிப்பி சாஸில் வதக்குவதும் சாதாரணம். “நான் சைவம்” என்று மட்டும் சொன்னால் போதாது. “இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு, பன்றிக் கொழுப்பு, சிப்பி சாஸ் எதுவும் சேர்க்காமல் சமைத்துக் கொடுங்கள்” என்று நீளமாகவே சீனத்தில் மொழிபெயர்த்து, பெரிய எழுத்தில் படமாகச் சேமித்துக் காட்டுங்கள். நசுக்கிய வெள்ளரிக்காய்ச் சாலட், வினிகர் சேர்த்து வதக்கிய உருளைக்கிழங்குத் துருவல், வெறும் பூண்டில் வதக்கிய கீரை, வெள்ளைச் சோறு ஆகியவற்றைப் பெரும்பாலான ஊர்களில் கேட்டு வாங்கலாம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி முட்டை வறுவல் இருக்கவே இருக்கிறது. பெரிய பௌத்தக் கோயில்களின் அருகே சுத்த சைவ உணவகங்களைத் தேடிப் பாருங்கள். முதல் இரண்டு நாட்களுக்குக் கொஞ்சம் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் பையில் இருந்தால் மனம் தெம்பாக இருக்கும்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஆனால் வெந்நீர் எங்கும் கிடைக்கும். ரயில் பெட்டியில், நிலையத்தில், விமான நிலையத்தில் வெந்நீர்க் குழாய்கள் உண்டு. ஒரு ஃபிளாஸ்க் எடுத்துப் போங்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது.

7. சில்லறை விஷயங்கள்

நம் ஊர் உருண்டை முனை பிளக் அங்கே பொருந்தாது, தட்டை முனை அடாப்டர் தேவை. உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க்கை 2025 ஜூன் இறுதியிலிருந்து அனுமதிப்பதில்லை. கடைக்குக் கடை வாடகைக்குக் கிடைப்பதால் கவலை வேண்டாம். பொதுக் கழிப்பறைகளில் காகிதம் இருக்கும் என்று எண்ண வேண்டாம், கையோடு வைத்திருங்கள்.

சந்தையில் விலையைக் கையால் சொல்வார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீண்டிருந்தால் 6. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்றால் 8. நமக்கு இரண்டைக் குறிக்கும் கைபோல அது தோன்றும், குழம்பாதீர்கள்.

பெய்ஜிங்கின் வாங்ஃபூஜிங், ஷாங்காயின் நான்ஜிங் சாலை போன்ற இடங்களில் நல்ல ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் வலிய வந்து தேநீர் அருந்த அழைத்தால் மறுத்துவிடுங்கள். உள்ளே போனால் பெருந்தொகைக்குப் பில் வரும். அறியாத ஊரில் சிரித்த முகத்தை மறுப்பது கஷ்டம்தான், இருந்தாலும் மறுத்தே ஆக வேண்டும். உங்களோடு படம் எடுத்துக்கொள்ளக் கேட்கும் குடும்பங்கள் வேறு வகை. அவர்களிடம் பயப்பட ஒன்றுமில்லை.

8. இறங்கிய முதல் சில மணி நேரம்

வருகை அட்டையை நிரப்பி, கைரேகை கொடுத்து வெளியே வந்ததும், கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் முன்னே நகர்த்துங்கள். நாடு முழுவதும் ஒரே நேரம்தான். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் அலிபேயில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். பணம் போகவில்லை என்றால் இரண்டாவது அட்டைக்கு மாற்றுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் அங்கேயே ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்துவிடுங்கள்.

பிறகு அலிபேக்குள்ளேயே இருக்கும் டீடீ என்ற வாடகைக் கார் சேவையில் கார் பதிவு செய்யுங்கள். ஏறுமுன் வண்டி எண்ணைச் சரிபாருங்கள். உங்களை அழைத்துப் போக வந்திருப்பதாக நிலைய வாசலில் தானே வந்து பேசுகிறவரின் காரில் ஏறாதீர்கள். விடுதியில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்வார்கள். வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவாக வேண்டும் என்பது சட்டம். விடுதி அதைத் தானே செய்துவிடும். நண்பர் வீட்டில் தங்கினால் அவரோடு அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நீங்களே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். போலீசுக்கு 110, தீயணைப்புக்கு 119, ஆம்புலன்சுக்கு 120. இந்த மூன்று எண்களையும் விடுதி முகவரிப் படத்தின் கீழேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.