வேலையும் தேர்வுப் படிப்பும்: சுயஒழுக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்குச் சென்றுகொண்டே தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பலர் பாடம் புரியாமல் தோற்பதில்லை. பத்தாம் வகுப்புத் தரத்தில் 200 வினாக்களுக்கு 3 மணி நேரத்தில் விடையளிக்கும் அத்தேர்வின் பாடங்களை மாதக்கணக்கில் விடாமல் படிக்க முடியாமல்தான் தோற்கிறார்கள்.

அட்டவணை போடும்போதே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. ஓய்வாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து, அதிகாலை நான்கு மணிக்கு எழுவது, நாளுக்கு ஐந்து மணி நேரம் படிப்பது என்று எழுதி ஒட்டிவிடுகிறோம். கடைக்கணக்கை முடித்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பும் ஒருவரால் அதை மூன்று நாள்கூடக் கடைப்பிடிக்க இயலாது. வாரத்தில் மிகவும் களைப்பான நாளில் எவ்வளவு முடியுமோ, அதுவே அட்டவணையின் அளவாக இருக்க வேண்டும். நேரம் கிடைக்கும்போது படிக்கலாம் என்பதும் உதவாது. இரவு உணவு முடிந்து தட்டைக் கழுவியதும் பத்துக் கணக்குகள் என்பதுபோல, தினமும் நடக்கும் ஒரு செயலோடு படிப்பை இணைத்துவிட்டால், இன்று படிப்பதா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமிருக்காது.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், உணவு, உடற்பயிற்சி சார்ந்த எளிய செயல்கள் பழக்கமாவதற்கு நடுத்தர அளவாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கேற்ப அது 18 முதல் 254 நாள்கள் வரை இருக்கலாம் என்றும் கணக்கிடப்பட்டது. இடையே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. படிப்பு அவற்றைவிடக் கடினமானது என்பதால் 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. விட்டதை ஈடுகட்ட மறுநாள் இருமடங்கு படிக்க முயல்பவர் அந்த நாளையும் இழக்கிறார். ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கலாம் என்பவரோ மாதத்தையே இழக்கிறார்.

பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பது ஒழுக்கம்போலத் தோன்றும் சோம்பல். தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 பெறாதவரின் மற்றப் பகுதி மதிப்பிடப்படுவதே இல்லை. ஆனாலும் இலக்கணத்தைத் தள்ளிப்போட்டு நடப்பு நிகழ்வுகளிலேயே மூழ்கியிருப்பவர்கள் உண்டு. டெலிகிராம் குழுக்களில் பிடிஎஃப் சேர்ப்பதும் இந்த வகைதான். தீர்த்த வினாக்களை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும்.

அலுவலக நேரத்தில் ஒளித்துப் படிப்பதையும் தவிர்க்க வேண்டும். பாதிக் கவனத்தில் செய்த வேலை பிழையோடு திரும்பி வந்து, மாலையில் படிப்புக்கென ஒதுக்கிய நேரத்தைத்தான் தின்னும்.