ஆயுத பூஜைக்கு ஃபில்டரைத் தேய்க்காதீர்கள்

சேலத்தில் ஆயுத பூஜை வந்தால் தறி, லாரி, மிக்ஸி எதுவும் தப்பாது. சில வருடங்களுக்கு முன் அந்த வேகத்தில் மீன் தொட்டியின் மேல் உட்கார்ந்து தண்ணீரைச் சுத்தம் செய்யும் டாப் ஃபில்டர் பெட்டியையும் இறக்கினேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பாத்திரம் விளக்கும் சோப்புப் போட்டுக் கசக்கினேன். அதற்குள் இருக்கும் செராமிக் (பீங்கான்) ரிங்குகளை பிரஷ்ஷால் தேய்த்து மொட்டைமாடியில் காயவைத்தேன். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வேறு. மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி மங்கியது. ஐந்தாம் நாள் கோல்டு ஃபிஷ் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அந்த வாரம் முடிவதற்குள் தொட்டி காலி.

டீ வடிகட்டி மாதிரிதான் ஃபில்டரும் என்று நினைத்திருந்தேன். அழுக்கைப் பிடிப்பது அதன் பாதி வேலைதான். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா வரும். மீன் செவுள் வழியாகவும் அதை வெளியேற்றும். ஸ்பாஞ்சின் துளைகளிலும் ரிங்குகளின் சொரசொரப்பிலும் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரோஸ்பைரா போன்ற வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை ஓரளவு தாங்கும். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது குறைந்துவிடும். இந்தக் கூட்டம் மிக மெதுவாகப் பெருகுவது. புதுத் தொட்டியில் நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் பிடிக்கும். உறைக்கு வைத்திருந்த தயிரையும் சேர்த்துக் கழுவிவிட்டு, மறுநாள் தயிர் எங்கே என்று தேடிய கதைதான் என்னுடையது.

சோப்பு கூடாது என்பது பலருக்குத் தெரியும். வெறும் குழாய்த் தண்ணீரே அந்த பாக்டீரியாவைக் கொல்லக்கூடும் என்பதுதான் தெரிவதில்லை. மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் கிருமி சாக குளோரின் கலக்கிறார்கள். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அதற்குப் பேதம் தெரியாது. போர் தண்ணீரில் குளோரின் இல்லையே என்பீர்கள். உண்மைதான், ஆனால் நம் ஊரில் பல இடங்களில் அது உப்புப் படியும், காரத்தன்மை கூடிய கடினத் தண்ணீர். தண்ணீரில் காரத்தன்மை ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். அதனால் போர் தண்ணீர்த் தொட்டிக்காரர்களுக்கு ஃபில்டர் படுத்துக்கொண்டால் அடி இன்னும் பலமாக விழும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. வழக்கம்போலத் தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு பக்கெட்டில் வைத்து, அதிலேயே ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை முக்கிப் பிழியுங்கள். கருப்பாக வரும், வரட்டும். தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் போதும், ஸ்பாஞ்ச் வெள்ளையாக வேண்டாம். ரிங்குகளை அலசினால் போதும், தேய்க்க வேண்டாம். ஸ்பாஞ்ச் ஒரு முறை, ரிங் அடுத்த முறை என்று மாற்றி மாற்றிச் செய்வது இன்னும் நல்லது. தேதி பார்க்காதீர்கள், ஓட்டம் குறைந்தால் கழுவுங்கள். மோட்டாரின் சின்ன விசிறியை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

ஸ்பாஞ்ச் கிழிந்துவிட்டதா? புதியதைப் பழையதற்குப் பக்கத்திலேயே ஒன்றரை மாதம் வைத்து, பிறகு பழையதை எடுங்கள். மாதாமாதம் எல்லாவற்றையும் புதிதாக மாற்றச் சொல்லும் அட்டைப்பெட்டி வாசகம் விற்கிறவருக்கு நல்லது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்தும் நாளில் இன்னொரு வம்பு இருக்கிறது. இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் பல மணி நேரம் ஓட்டம் நின்றால் உள்ளே அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விட்டால் அந்த நாற்றத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் போகும். கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் ஒரு அலசு அலசியபின் போடுங்கள்.

ஏற்காட்டில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் குளிரில், ஹீட்டர் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவும் மந்தமாகிவிடும். அந்த மாதங்களில் ஃபில்டரில் கை வைத்தால் மீள நாளாகும்.

என்னைப் போல ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களா? தீனியை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள், மீன் சாகாது. தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரென்றால் ஆன்டி குளோரின் சொட்டு விட்டபிறகு ஊற்றுங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், உறைமோர் கேட்பதுபோல அவர் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு அழுக்கு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். வழியில் காயாமல், அவர் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு எடுத்துவாருங்கள்.