இறுகிப்போன பீனோல் போத்தலில் இருந்து பாதுகாப்பாகக் கரைசல் தயாரிக்கும் முறை

உயர்தர இரசாயனவியல் செய்முறைக்குப் பீனோல் கரைசல் வேண்டுமென்று அலுமாரியைத் திறந்தால், கபில நிறப் போத்தலின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரே கட்டியாய் இறுகிக் கிடக்கும் பொருளைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள். பீனோலின் உருகுநிலை ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். மட்டக்களப்பின் சித்திரை வெயிலிலும் ஆய்வுகூட அலுமாரிக்குள் அவ்வளவு சூடு ஏறுவதில்லை. ஆனால் வாவிக் காற்றின் ஈரத்தைப் பீனோல் உறிஞ்சிக்கொள்வதால் மேற்பரப்பு கசிந்து எண்ணெய்போல் நிற்க, அடிப்பகுதி கல்லாகவே இருக்கும். அந்தக் கட்டியில் இருந்து 5 கிராமை எப்படி எடுப்பதென்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கற்பிக்கத் தொடங்கிய முதலாம் ஆண்டில் நான் அதனைத் தவறாகச் செய்தேன்; அதன் தழும்பு இடது மணிக்கட்டில் இன்றும் இருக்கிறது. பிறகு வாசித்தும் செய்துபார்த்தும் திருத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

கரைசல் தயாரிக்கும் பொதுவான முறை, தராசைப் பயன்படுத்துவது போன்றவை உங்களுக்குத் தெரிந்தவை என்று எடுத்துக்கொள்கிறேன். நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: தூய பீனோல் நிறமற்ற பளிங்கு, காற்றும் ஒளியும் பட்டு ஒட்சியேறும்போது இளஞ்சிவப்பாகிறது. பண்பறி சோதனைகளுக்கு அது தாராளமாகப் போதும். நிறம் மாறியதென்பதற்காக ஒரு போத்தலைக் கழிவாக்கி, அந்தக் கழிவை எங்கே போடுவதென்ற புதிய சிக்கலை உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

வலி உங்களுக்கு அறிவிக்காது

அமிலம் தெறித்தால் எரியும். எரிந்தவுடன் கை தானாகவே குழாயைத் தேடும். பீனோல் அப்படியல்ல. அது தோலை அரிக்கும் அதே வேளையில் அந்த இடத்து நரம்புகளை மரத்துப்போகவும் செய்கிறது. 1865 இல் பிரித்தானிய அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் காபோலிக் அமிலம் என்ற பெயரில் இதே பீனோலைக் காயங்களில் கிருமி கொல்லப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, அதில் கைகளை நனைத்து வேலைசெய்த அறுவை மருத்துவர்களின் விரல்கள் வெளிறி மரத்துப்போயின. எனக்கு நேர்ந்ததும் அதுதான். கட்டியைக் கரண்டியால் குத்தி உடைத்தபோது, ஒரு சிறு துணிக்கை கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையே விழுந்தது. ஏதோ பட்டதென்று தெரிந்தும், வலி இல்லாததால், தராசில் நிறுத்து முடித்துவிட்டே பார்த்தேன். அதற்குள் ஒரு சதக் குற்றியளவு இடம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. பின்னர் அது கபிலமாகி உரிந்தது.

வெளுத்த தோலோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. பீனோல் தோலினூடாக விரைவாகக் குருதியில் கலந்து நரம்புத் தொகுதியையும் இதயத்தையும் தாக்கக்கூடியது. தலைச்சுற்று, வலிப்பு, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியன தோன்றலாம்; உடலின் பெரும் பரப்பில் பட்டால் மரணமும் நேரலாம். ஆகவே வலிக்கிறதா என்று பார்க்காமல், பட்டதா என்று பாருங்கள். பட்டிருந்தால் கையில் உள்ளதை அப்படியே வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போங்கள்.

போத்தலைத் தொடுவதற்கு முன்

முதலில் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஆவணி, புரட்டாதி மாதங்களில் கிணறு வற்றி, மேல்தாங்கியில் நீர் இல்லாத நாட்கள் உண்டு. மின்சாரம் நின்றால் மோட்டாரும் இயங்காது. குறைந்தது 15 நிமிடம் தடையின்றி ஓடும் தண்ணீர் இல்லாத நாளில் பீனோலைத் திறக்காதீர்கள். செய்முறையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

கையுறை பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மருந்துக் கடைகளில் பெட்டியாக விற்கும் மெல்லிய இலேற்றெக்சுக் கையுறையை நம்பிச் செறிந்த பீனோலைக் கையாளக் கூடாது. மெல்லிய நைத்திரைல் கையுறையும் ஒரு தெறிப்பை உடனே கழற்றியெறியும் வரை தாங்குவதற்கு மட்டுமே. நியோபிரீன் அல்லது பியூட்டைல் இறப்பரால் ஆன, மணிக்கட்டுக்கு மேல் நீளும் தடித்த கையுறை ஒரு சோடி வாங்கி வையுங்கள். பாடசாலைச் செலவில் அது பெரிதல்ல. கண்ணைச் சுற்றி மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக் கை மேலங்கி, மூடிய சப்பாத்து ஆகியவற்றோடு, இயங்கும் புகை அலுமாரி இருந்தால் அதனுள்ளே வேலை செய்யுங்கள். இல்லையேல் யன்னல்களைத் திறந்து, மாணவர் எவரும் இல்லாத நேரத்தில் தயாரித்து முடியுங்கள்.

கட்டியை உருக்குதல்

நான் தவறிய இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். குத்தாதீர்கள், சுரண்டாதீர்கள், போத்தலை மேசையில் தட்டாதீர்கள். பீனோல் ஏறத்தாழ 41 பாகையில் உருகும் பொருள்; அதற்குத் தேவை மிதமான சூடு மட்டுமே.

ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் 35 பாகையளவு இளஞ்சூட்டு நீரை எடுங்கள். மூடியைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். இறுக மூடியபடி சூடாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், முழுதாகத் திறந்தால் ஆவி வெளியேறும். போத்தலைத் தாங்கியில் கவ்விப் பிடித்து, நீர்மட்டம் உள்ளிருக்கும் கட்டியின் உயரத்துக்கு வருமாறு இறக்குங்கள். கவ்வியைத் தவிர்க்க வேண்டாம்: பாதி வெறுமையான போத்தல் நீரில் சரிந்துவிடும். ஐந்து நிமிடத்தின் பின் கேத்தலில் கொதித்த நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து 50 பாகைக்கு உயர்த்துங்கள். வெப்பமானியை நீரிலேயே வைத்திருங்கள். எடுத்த எடுப்பிலேயே கொதிநீரை ஊற்றினால் பழைய கண்ணாடி வெடித்து, உருகிய பீனோல் முழுவதும் பாத்திரத்தில் கலந்துவிடும். நீர் ஆற ஆறச் சூட்டைப் புதுப்பித்தால், கால்வாசி நிறைந்த போத்தல் அரை மணியளவில் உருகிவிடும்.

பன்சன் சுடரடுப்பு வேண்டாம். பீனோலின் தீப்பற்றுநிலை, அதாவது அதன் ஆவி சுடர் பட்டால் தீப்பற்றும் வெப்பநிலை, 79 பாகையளவு. சுவாலையின் மேல் நேரடியாக வைத்த போத்தல் அந்த எல்லையை விரைவில் தாண்டும். மின் நீர்த்தொட்டி இருப்பவர்கள் அதனைப் பயன்படுத்தலாம் என்றாலும், ஆய்வுகூடத்துக்கு வெளியே கொதிக்கவைத்துக் கொண்டுவரும் நீரையே நான் விரும்புகிறேன். பழைய தொட்டிகளின் வெப்பக் கட்டுப்பாடு நம்பத்தக்கதாக இருப்பதில்லை.

உருகியதை எடுக்கும்போது இன்னொரு தடை வரும். அறைவெப்பநிலையில் இருக்கும் துளிகுழாயினுள் பீனோல் ஏறியவுடன் நுனியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டதென்று இறப்பர்க் குமிழை அழுத்தினால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கண்ணாடித் துளிகுழாயையும் ஒரு சோதனைக்குழாயில் இட்டு, அதே வெந்நீரில் முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள்.

கரைசல்

முகவையைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, 5 கிராம் வரும்வரை துளிதுளியாகச் சேருங்கள். 5 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். 50 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரை வெதுவெதுப்பாகச் சேர்த்துக் கண்ணாடிக்கோலால் கலக்கி, தெளிந்த பின் 100 மில்லிலீற்றராக்குங்கள். இது ஆசிரியர் வைத்திருக்கவேண்டிய கரைசல். மாணவர் கையில் கொடுப்பது இதனை ஐந்து மடங்கு ஐதாக்கிய 1 சதவீதக் கரைசலாக இருக்கட்டும். நடுநிலையான பெரிக்குளோரைட்டுடன் ஊதா நிறமும், புரோமீன் நீருடன் வெள்ளை வீழ்படிவும் அதிலேயே தெளிவாகக் கிடைக்கும். சோடியம் ஐதரொட்சைட்டில் கரைவதையும் சோடியம் இருகாபனேற்றுடன் வாயு வராததையும் காட்டுவதற்குச் செறிந்த பீனோல் தேவைப்படுவதால், அதனை நான் மட்டுமே செய்துகாட்டுகிறேன்.

உருகிய பீனோலின் 9 பங்குக்கு 1 பங்கு நீரை நிறைப்படி கலந்துவைத்தால், அது நம் ஊர் வெப்பநிலையில் மறுபடி இறுகாது; அடுத்த முறை உருக்கும் வேலையே இல்லை. அப்போது 5 கிராம் பீனோலுக்கு அந்தத் திரவத்தில் 5.6 கிராம் எடுக்கவேண்டும். ஆனால் கட்டியைவிடத் திரவம் எளிதில் சிந்தும் என்பதால், அதனை ஒரு தட்டில் அமர்த்தி, அலுமாரியில் கண்மட்டத்துக்குக் கீழான அடுக்கிலேயே வையுங்கள். நைத்திரிக் அமிலத்துக்கும் வெளிற்றும் தூளுக்கும் அருகில் வைக்காதீர்கள்.

தோலில் பட்டால்

பட்ட உடையையும் கையுறையையும் உடனே அகற்றுங்கள். பீனோலைக் கரைத்து அகற்றும் திரவமான பொலிஎதிலீன் கிளைக்கோல் 300 அல்லது 400 கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், பஞ்சை அதில் தோய்த்துத் துடைத்து, பஞ்சை மாற்றி மாற்றி மீண்டும் துடையுங்கள். இல்லையென்றால் அதனைத் தேடி ஒரு நிமிடமும் செலவிடாமல், முழு வேகத்தில் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். என்னுடைய இரண்டாவது தவறு இங்கே நடந்தது: ஒரு கோப்பை நீரை மட்டும் ஊற்றித் தேய்த்தேன். சிறிதளவு நீர் பீனோலைக் கரைத்து, அகன்ற பரப்பில் பரப்பி, உறிஞ்சலைக் கூட்டிவிடும். நீர் என்றால் ஏராளமாக வேண்டும். கண்ணில் பட்டால் நீர் மட்டுமே, கிளைக்கோல் கூடாது. உதவுபவரும் கையுறை அணிய வேண்டும்.

பிறகு இடம் சிறிதென்று வீட்டுக்குப் போகாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை என்றாலும் அம்பாறை வைத்தியசாலை என்றாலும், பீனோல் என்ற பெயர், செறிவு, பட்ட நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

கழிவு

கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். கரையோர மணல் நிலத்தில் நிலத்தடி நீர் மிக ஆழமில்லாமலே கிடக்கிறது. பாடசாலை வடிகாலும் அயல் வீட்டுக் கிணறும் ஒரே மணலில்தான் இருக்கின்றன. வெள்ளத்தின் பின் கிணறுகளுக்குக் குளோரீன் இடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பீனோல் கலந்த நீரில் குளோரீன் சேர்ந்தால் குளோரோபீனோல்கள் உண்டாகும். அவை மிகச் சிறிய அளவிலேயே குடிநீரில் மருந்து வாடையையும் கெட்ட சுவையையும் ஏற்படுத்தும். கழிவை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் பெயரிட்டுச் சேர்த்து, இரசாயனக் கழிவை ஏற்கும் இடத்துக்கு ஒப்படைக்கும்வரை பூட்டி வையுங்கள்.

பின்னர் சேர்த்தவை

இதனை வாசித்த, கல்முனையில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், 10 சதவீதக் கரைசல் செய்தபோது அடியில் எண்ணெய்போல ஒரு படை நின்றதென்றும் அதனைப் பிடித்து மாணவர்களுக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தார். கொடுக்க வேண்டாம். அறைவெப்பநிலையில் 100 மில்லிலீற்றர் நீரில் 8 கிராமளவு பீனோலே கரையும்; மேலதிகமானது நீரை உறிஞ்சிய செறிந்த பீனோல் படையாக அடியில் தங்கும். 66 பாகைக்கு மேல் இரண்டும் எந்த விகிதத்திலும் கலப்பதால், சூடாக இருக்கையில் தெளிந்த கரைசலாகத் தோன்றி, ஆறிய பின் பிரிந்திருக்கும். அவர் கண்டதும் அதுவாகவே இருக்க வேண்டும். மேலும் நீர் சேர்த்து 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் படை மறைந்துவிடும்.

கழிவறை கழுவும் பினைலும் இதுவும் ஒன்றா என்று வேறு இருவர் கேட்டனர். ஒன்றல்ல. பெயரொலியை நம்பி ஒன்றின் இடத்தில் மற்றதைப் பயன்படுத்தாதீர்கள்.

அக்கரைப்பற்றில் இருந்து வந்த செய்தி எனக்கே புதியது: வெந்நீரில் நின்ற போத்தலின் சுட்டுத்துண்டு உரிந்துபோய், எது என்ன என்று தெரியாத ஒரு போத்தல் அலுமாரிக்குத் திரும்பியிருக்கிறது. நீரில் இறக்குவதற்கு முன்பே போத்தலின் கழுத்தில், நீர் எட்டாத உயரத்தில், பெயரையும் திகதியையும் அழியாத மையால் எழுதி ஒளிபுகும் ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள்.