போடப் போடப் பழகாது: கண்ணாடி செய்யும்போது நடக்கும் தவறுகள்

ஆப்டிகல் கவுன்டரில் ஆள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. பழையவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டதை, புதிதாக வந்து நிற்பவர்கள் அப்படியே முதலிலிருந்து செய்கிறார்கள். வாங்க வருபவர்களும் அதே இடங்களில்தான் ஏமாறுகிறார்கள். கவிழ்த்து வைக்காதே, சட்டை நுனியால் துடைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. கடையில் நின்று தீர்மானிக்க வேண்டியவற்றை மட்டும் பார்ப்போம்.

பெரிய ஃப்ரேமை எடுத்துக்கொண்டு மெல்லிய லென்ஸ் கேட்பது

மைனஸ் பவர் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிமன். அதனால் தடிமனை முதலில் தீர்மானிப்பது ஃப்ரேமின் அளவு. லென்ஸின் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் இன்டெக்ஸ் எண் (1.50, 1.67 போன்றவை; கூடினால் லென்ஸ் மெலியும்) அதற்கு அடுத்துதான். ஃப்ரேமின் உள்பக்கத்தில் 48, 18, 140 என்று மூன்று எண்கள் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்கின் மேல் வரும் பாலத்தின் அகலம், காதில் மாட்டும் கம்பியின் நீளம், மூன்றும் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 66. உங்கள் இரு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது பி.டி., 64 என்றால் லென்ஸின் மையத்தை ஒரு பக்கத்துக்கு 1 மி.மீ. உள்ளே தள்ளினால் போதும். அதே ஆள் 56, 18 என்ற ஃப்ரேமை எடுத்தால் கூட்டுத்தொகை 74. மையத்தை 5 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும். அவ்வளவும் வெளி ஓரத்தில் தடிமனாக வந்து நிற்கும்.

பவர் மைனஸ் 6 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 48 ஃப்ரேமில் சாதாரண 1.50 லென்ஸின் வெளி ஓரம் நடுவைவிட ஏறக்குறைய 3.7 மி.மீ. கூடுதல் தடிமன். 56 ஃப்ரேமில் விலை கூடிய 1.67 லென்ஸ் போட்டாலும் அந்தக் கூடுதல் 4.9 மி.மீ. நடுத் தடிமனைச் சேர்த்துப் பார்த்தாலும் சின்ன ஃப்ரேமே ஜெயிக்கும். இதைச் சொல்லாமல் நேராக 1.74-க்கு ஏற்றிவிடுவதுதான் பல கவுன்டர்களின் வழக்கம். மைனஸ் 2 பவருக்கு 1.74 போட்டால், நடுத்தர அளவு ஃப்ரேமில் ஓரத்தில் மிச்சமாவது மிகச் சொற்பம்.

இன்டெக்ஸ் ஏற ஏற இன்னொன்றும் நடக்கும்: ஒளியை நிறம் நிறமாகச் சிதறவிடாத தன்மையைச் சொல்லும் ஆபே எண் இறங்கும். 1.50 பிளாஸ்டிக்குக்கு 58, 1.60-க்கு 41 அளவில், 1.67-க்கு 32, பாலிகார்பனேட்டுக்கு 30. இந்த எண் குறைந்தால், லென்ஸின் ஓரம் வழியே பார்க்கும்போது எழுத்துகளின் விளிம்பில் நீலமும் மஞ்சளுமாக ஒரு கோடு தெரியும். பவர் கூடியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்; பவர் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.

மார்க் பண்ணாமல் புரோகிரஸிவ் போடுவது

இதுதான் இன்னமும் எரிச்சலைக் கிளப்பும் தவறு. காசும் இதில்தான் அதிகம் போகிறது.

வழக்கமாக நடப்பது இது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் முதன்முறையாக புரோகிரஸிவ், அதாவது தூரத்துக்கும் படிக்கவும் சேர்த்து ஒரே லென்ஸ், போட வருகிறார். ஃப்ரேம் பிடித்துவிட்டது. கவுன்டரில் இருப்பவர் ஸ்கேலை நெற்றிக்கு நேரே பிடித்து, பி.டி. 64 என்று எழுதி, அதை இரண்டாகப் பிரித்து 32, 32 என்று போட்டுவிடுகிறார். கண்மணி நிற்கும் உயரத்துக்கு ஃப்ரேமின் உயரத்தைப் பாதியாக்கி 4 மி.மீ. கூட்டிவிட்டால் முடிந்தது. கண்ணாடி வந்ததும் போட்டுப் பார்த்தால் படிக்கும்போது தாளை வலது பக்கம் நகர்த்த வேண்டியிருக்கிறது, மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது, படி இறங்கினால் தரை மிதக்கிறது. திரும்பி வந்து சொன்னால் பதில் தயாராக இருக்கும்: “ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க சார், போடப் போடப் பழகிடும்.”

பழகாது. ஓரங்களில் வரும் மங்கலும், தலையைத் திருப்பும்போது வரும் லேசான ஆட்டமும் புரோகிரஸிவ் லென்ஸின் இயல்பு. அது ஓரிரு வாரத்தில் பழகும். மையம் தவறிய லென்ஸுக்கு எத்தனை வாரம் கொடுத்தாலும் மையம் நகராது. கழுத்து வலிதான் பழகும்.

புரோகிரஸிவ் லென்ஸில் தூரப் பார்வை மேலே, படிக்கும் பவர் கீழே, இரண்டையும் இணைக்கும் ஒரு குறுகலான பாதை நடுவே. அந்தப் பாதையின் தெளிவான அகலம் சில மில்லிமீட்டர்தான். யாருடைய முகமும் சரிபாதியாக இருப்பதில்லை. மேலே சொன்ன 64 உண்மையில் வலது 30.5, இடது 33.5 ஆக இருக்கலாம். 32, 32 என்று போட்டால் இரு பாதைகளும் கண்மணியிலிருந்து ஆளுக்கு 1.5 மி.மீ. ஒரே பக்கமாக விலகி நிற்கும். தாளை நகர்த்துவது அதனால்தான். முழுவதும் ஒரே பவர் உள்ள சிங்கிள் விஷன் லென்ஸில், இரு கண்ணுக்கும் ஒரே பவர் என்றால், இதே பிழை பெரிதாக உறுத்தாது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு புரோகிரஸிவுக்கும் பாதியாகப் பிரிக்கிறார்கள்.

உயரத்திலும் அப்படித்தான். கண்மணிக்கு நேரே நிற்க வேண்டிய லென்ஸின் சிலுவைக் குறி கீழே இறங்கிவிட்டால் படிக்க மோவாயைத் தூக்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் தூரத்தில் இருப்பதே மங்கும். தலையைக் குனிந்து பார்க்க வேண்டிவரும். யார் எந்தப் பக்கம் தலையை அசைக்கிறார் என்று பார்த்தாலே தவறு எங்கே என்று சொல்லிவிடலாம்.

சரியாகச் செய்யும் வரிசை இது. முதலில் ஃப்ரேமை முகத்துக்கு ஏற்றபடி வளைத்து முடிக்க வேண்டும்: நோஸ் பேட், காதுக்குப் பின்னால் வரும் வளைவு, முன்சாய்வு எல்லாம். நோஸ் பேடை நெருக்கினால் ஃப்ரேம் மேலே ஏறும், அகட்டினால் இறங்கும். அளவை எடுத்துவிட்டு அப்புறம் இதைச் செய்தால் எடுத்த அளவு வீண். அடுத்து, அளப்பவரின் கண்ணும் அணிபவரின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஒரு கை நீள தூரத்தில். நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவரை அளந்தால் புள்ளி மேலே விழும். அளப்பவர் தன் வலக்கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் தன் இடக்கண்ணை அணிபவரைப் பார்க்கச் சொல்லி, அணிபவரின் வலது கண்மணிக்கு நேரே டெமோ லென்ஸில் (ஃப்ரேமோடு வரும் பவர் இல்லாத லென்ஸ்) மார்க்கரால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு கண்ணை மாற்றி மறுபக்கம். ஃப்ரேமைக் கழற்றி, மறுபடி மாட்டி, புள்ளிகள் அதே இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புள்ளியிலிருந்து ஃப்ரேமின் அடிவிளிம்பின் மிக ஆழமான இடம் வரை அளந்தால் அதுதான் ஃபிட்டிங் உயரம். இரு கண்ணுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அப்படியே எழுத வேண்டும், சமமாக்கக் கூடாது.

லென்ஸ் ரகத்துக்கு ஏற்ப குறைந்தபட்ச ஃபிட்டிங் உயரம் ஒன்று உண்டு, 14 மி.மீ. போதும் என்பதும் உண்டு, 18 கேட்பதும் உண்டு. ஒடுக்கமான ஃப்ரேமில் புள்ளி 13-ல் விழுந்தால் படிக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் லென்ஸ் பொருத்தப்படும். வேறு ஃப்ரேம் எடுங்கள் என்று சொல்வதுதான் முறை. விற்பனை போய்விடுமே என்று யாரும் சொல்வதில்லை.

டெலிவரி எடுக்கும்போது லென்ஸின் மேல் மை அடையாளங்கள் இருந்தால் துடைக்கவிடாதீர்கள். அப்படியே போட்டுக்கொண்டு நேரே பாருங்கள். சிலுவைக் குறி கண்மணியின் நடுவில் இருக்க வேண்டும். மை துடைத்தாகிவிட்டது என்றாலும் வழி உண்டு. லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்ணிய செதுக்கல்கள் தெரியும். வாயால் ஊதி ஆவி படரவிட்டால் இன்னும் தெளியும். காதுப்பக்கச் செதுக்கலுக்குக் கீழே படிக்கும் பவரின் எண் இருக்கும். இவற்றை வைத்து அந்த லென்ஸ் நிறுவனத்தின் குறி அட்டையில் பொருத்தினால் சிலுவைக் குறியை மறுபடி வரைந்துவிடலாம். “பழகிடும்” என்று சொல்வதற்கு முன் கவுன்டரில் இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கோட்டிங்கை அலங்காரம் என்று நினைப்பது

1.50 லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. 1.67-ல் அது 6 சதவீதத்துக்கு மேல். ஆக, இன்டெக்ஸ் ஏறினால், பிரதிபலிப்பைக் குறைக்கும் ஆன்ட்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் கட்டாயம். அதில் பச்சையா நீலமா என்று மின்னும் நிறம் தரத்தைக் காட்டாது.

இந்தக் கோட்டிங்குக்கு எமன் சூடு. பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு, அதன் மேலே பூசிய கண்ணாடி போன்ற ஆக்சைடு அடுக்குகள் விரியாது. சிலந்திவலை போல வெடித்துவிடும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டும், வெந்நீரும் இதைத்தான் செய்கின்றன. வெடித்தது மறுபடி சேராது.

நீல ஒளிக்குப் பயப்படுவது

திரை பார்த்துக் கண் களைப்பதற்கு நீல ஒளி வடிகட்டும் லென்ஸ் தீர்வு என்று விற்கிறார்கள். 2023-இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு, குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதில் இதற்குப் பலன் இல்லாமல் இருக்கலாம் என்கிறது. பல லென்ஸ்களில் லேசான மஞ்சள் சாயல் மட்டும் மிஞ்சும். புற ஊதாவுக்கென்று தனியாகக் கேட்டாலும் கவனியுங்கள்: பாலிகார்பனேட்டும் 1.60-க்கு மேற்பட்டவையும் அதைத் தாமாகவே பெருமளவு தடுத்துவிடும்.

கார் ஓட்ட போட்டோகுரோமிக்

வெயிலில் தானாகக் கறுக்கும் சாதாரண போட்டோகுரோமிக் லென்ஸ் காருக்குள் கறுக்காது. அதைக் கறுக்க வைப்பது புற ஊதா. முன்கண்ணாடி அதை நிறுத்திவிடுகிறது. கடும் வெப்பத்திலும் நிறம் குறைவாகவே ஏறும்.

ரிம்லெஸ் ஃப்ரேமில் 1.50

ரிம்லெஸ் என்பது விளிம்பு இல்லாமல், லென்ஸில் துளை போட்டு மாட்டுவது. 1.50 லென்ஸ் துளை போட்ட இடத்தில் விரிசல் விடும். பாலிகார்பனேட், டிரைவெக்ஸ் (இன்னொரு உறுதியான பிளாஸ்டிக்), 1.60 ஆகியவற்றில் ஒன்றைப் போடுங்கள்.

பாலிகார்பனேட்டை அசிட்டோனால் துடைப்பது

நகப்பூச்சு அகற்றும் திரவமும் இதில் சேர்த்தி. பட்டால் லென்ஸ் போச்சு.

சீட்டில் பவர் மாறிவிட்டது என்று பதறுவது

சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் கூடும் பவர்; ஆக்ஸிஸ் அதன் கோணம். மைனஸ் 2.00, சிலிண்டர் மைனஸ் 1.00, ஆக்ஸிஸ் 90 என்பதும், மைனஸ் 3.00, சிலிண்டர் பிளஸ் 1.00, ஆக்ஸிஸ் 180 என்பதும் ஒரே லென்ஸ். எழுதும் முறைதான் வேறு. ஆனால் ஒன்றிலிருந்து பவரையும் மற்றொன்றிலிருந்து ஆக்ஸிஸையும் எடுத்து ஆர்டர் எழுதினால் லென்ஸ் குப்பைக்குத்தான்.

டிஆர்-90 ஃப்ரேமைப் பிறகு வளைத்துக்கொள்ளலாம் என்பது

அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் ஃப்ரேமைச் சூடாக்கினால் இளகும், வளைத்தபடி நிற்கும். டிஆர்-90 நைலான் வகை. எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். மூக்கில் வழுக்குகிறது என்றால் கடையிலேயே வேறு எடுங்கள். புரோகிரஸிவ் என்றால் அந்த வழுக்கல் அப்படியே சிலுவைக் குறியைக் கண்மணிக்குக் கீழே இறக்கும்: 3 மி.மீ. வழுக்கினால் 3 மி.மீ.