சுவர்க் கொடிகளை அகற்றுவோர் விடும் தவறுகள்

கொழும்பில் வீட்டுச் சுவரைக் கொடி கெடுத்ததைவிட, அதை அகற்றிய அவசரம் கெடுத்ததே அதிகம் என்பது என் எண்ணம். சுவரோடு ஒட்டிப் படரும் சிற்றிலைக் கொடியத்தி, தன் வேர்களில் பசைபோன்ற பாலைச் சுரந்து பூச்சைப் பற்றிக்கொள்கிறது. பச்சையாக இருக்கும்போதே அதைப் பிடித்து இழுத்தால், பெயின்ற்றோடு பூச்சும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கங்களில் எஞ்சியுள்ள, சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய வீடுகளில் செங்கல்லே வெளியே தெரிந்துவிடும். அடித்தண்டில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இலைகள் சருகாகும் வரை சில வாரங்கள் பொறுத்தால், காய்ந்த தண்டு பூச்சைப் பெயர்ப்பதற்கு முன் தானே முறிந்துவிடும்.

மணி பிளான்ட்டில் இந்த முறை மட்டும் போதாது. அதற்குக் கணுவுக்குக் கணு வேர் உண்டு. வெடிப்பில் ஈரம் இருந்தால், அடி அறுபட்ட பின்னரும் கொடி பச்சையாகவே நிற்கும். ஆகவே துண்டு துண்டாக வெட்டித்தான் கழற்ற வேண்டும். அத்துண்டுகளைப் பக்கத்து வெறுங்காணியில் எறிவோர், அவை அங்கே வேர்விட்டு மதிலேறித் திரும்பி வருவதையும் எதிர்பார்த்திருக்கலாம்.

வெறுங்கையால் வேலை செய்வதும் தவறே. இவ்விரு கொடிகளின் பாலும் சாறும் தோலில் அரிப்பை உண்டாக்கும். இலைகளுக்குள் முசுறும் குளவிக்கூடும் இருக்கக்கூடும் என்பதால், முதலில் நீண்ட தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பியைக் கொடி சுற்றியிருந்தால் அதைத் தொடாமல், மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவிப்பதே முறை. அஸ்பெஸ்டஸ் கூரைக்குப் படர்ந்த கொடியைத் தகட்டில் ஏறி நின்று இழுப்பது உயிராபத்தானது. அத்தகட்டைச் சுரண்டினாலோ உயர் அழுத்த நீரால் கழுவினாலோ, நுரையீரலைக் கெடுக்கும் நார் வெளிப்படும்.

வேரை அழிக்க உப்புக் கரைசல் ஊற்றும் யோசனையைப் பலர் சொல்வார்கள். அந்த உப்பு அத்திவார ஈரத்தோடு சுவரில் ஏறி, வெண்மையாகப் பூத்துப் பூச்சை உதிர்க்கும். அடிவேரோடு தோண்டி எடுப்பது சிரமமானாலும் அதுவே சரி. சுவரில் எஞ்சும் வேர்த்தழும்புகளை இரும்புக்கம்பித் தூரிகையால் தேய்த்தால் இரும்புத் துகள்கள் தங்கித் துருக்கறை படியும். கடினமான நைலோன் தூரிகையே போதும்.

தீபாவளிக்கு முன் சுவரைச் சுத்தமாக்கிவிட வேண்டும் என்று ஒக்டோபரில் தொடங்குவோர், மாலை மழை கொட்டும் காலத்தில் பூச்சைத் திறந்துவிடுகிறார்கள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ற் கொப்புளிக்கும். புதிய சீமெந்துப் பூச்சு ஆறுவதற்கே சுமார் 28 நாள் வேண்டும். எனவே மழை குறைந்த ஜனவரியில் அடியை வெட்டி, பெப்ரவரியில் உரித்து, வெடிப்புகளை மேசனைக் கொண்டு அடைத்துவிட்டால், சித்திரைப் புத்தாண்டுக்குள் பெயின்ற் அடித்துவிடலாம்.