மறைவாக ஏந்தும் சிறு ரிவால்வர்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் சிறு ரிவால்வரை வாங்கிய பலரும் முதல் வாரத்திலேயே அதில் எதையாவது மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். கைப்பிடி, சுருள்வில், குழலின் நுனியில் குறிபார்க்க உதவும் முன்குறி, துப்பாக்கியை வைக்கும் உறை என்று சந்தையில் பொருள்களுக்குக் குறைவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து நேரும் ஒரு கணத்துக்காக உடம்போடு வைத்துக்கொள்ளும் கருவி இது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்க்க வேண்டும். விசையை அழுத்தும்போதெல்லாம் அது தவறாமல் வெடிக்குமா? அழுத்தாதபோது ஒருநாளும் வெடிக்காமல் இருக்குமா? இந்த இரண்டில் ஒன்றையேனும் பலவீனப்படுத்தும் மாற்றம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கருவியைத் தொடும் முன் சட்டம். மறைத்து எடுத்துச் செல்வது என்பது பெரும்பாலும் அமெரிக்க நடைமுறை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில் அளித்த தீர்ப்பு, வீட்டுக்கு வெளியிலும் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை உறுதி செய்தது. 2024-க்குள் 29 மாநிலங்கள் உரிமம் இல்லாமலேயே மறைத்து எடுத்துச் செல்ல இடம் கொடுத்துவிட்டன. அப்படியிருந்தும் உரிமம் எடுத்துவிடுவதே நல்லது. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் 1990-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், அந்த மாநிலமே தகுதியைச் சரிபார்த்துக் கொடுத்த உரிமம் உள்ளவருக்கு விலக்கு அளிக்கிறது. உரிமம் இல்லாதவர் பள்ளியை ஒட்டிய சாலையில் நடந்து சென்றாலே சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம். நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. எச்-1பி போன்ற வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர், செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருந்தாலன்றி, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். பச்சை அட்டை பெற்ற நிரந்தரக் குடியிருப்பாளருக்கு இந்தத் தடை இல்லை. ஐயம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே கடைக்குப் போக வேண்டும்.

இந்த வகை ரிவால்வரின் வடிவம் புதிதன்று. கோல்ட் நிறுவனத்தின் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927-இல் ஆறு தோட்டாக்களோடு வந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-இல் ஐந்து தோட்டாக்கள் கொண்ட சீஃப்ஸ் ஸ்பெஷலைக் கொண்டுவந்தது. அதன் உடற்சட்டத்தைத்தான் இன்றுவரை ஜே-ஃபிரேம் என்கிறோம். தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியலை உடலுக்குள்ளேயே மூடிய சென்டென்னியல் 1952-இல் வந்தது. இன்று பலர் ஏந்தும் 642 என்னும் மாதிரி அந்த வழியில் வந்ததுதான்: இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறைந்த குழல், அலுமினிய உடல், தோட்டா இல்லாமல் சுமார் 410 கிராம். ரூகர் 2009-இல் வெளியிட்ட எல்சிஆர் இதற்கு நேர்ப் போட்டி. புதிதாக வாங்குபவருக்கு என் பரிந்துரை, சுத்தியல் வெளியே தெரியாத மாதிரியையே தேர்ந்தெடுப்பது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலின் கொக்கி பையின் உட்துணியில் மாட்டிக்கொள்ளும். அதைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்து வெட்டிவிடலாம்தான். ஆனால் வெட்டினால் சுத்தியலின் எடை குறைந்து அடி மாறுகிறது, ஆகவே பின்பு மறுபடியும் சோதிக்க வேண்டும். மூடிய சுத்தியல் உள்ளதை வாங்கினால் இந்த வேலையே இல்லை.

மாற்றத்தில் முதலிடம் கைப்பிடிக்கு. மற்ற எந்தப் பாகத்தையும்விடப் பயன் அதிகம், செலவு குறைவு, ஆபத்து அநேகமாக இல்லை. துப்பாக்கியின் உருவத்தை வெளியே காட்டிக்கொடுப்பது குழல் அன்று, கைப்பிடியின் அடிமுனைதான். எனவே உடற்சட்டத்தின் அடியோடு முடிந்துவிடும் குட்டைக் கைப்பிடி மறைப்பதற்கு ஏற்றது. ஆனால் அதில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது, வெடிக்கும்போது துப்பாக்கி கையில் துள்ளும். ரப்பர் கைப்பிடி அதிர்வைத் தாங்கும். அதே ரப்பர் சட்டைத் துணியைப் பற்றி இழுத்து மேலே சுருட்டிக்கொண்டு வரும், பையிலிருந்து உருவும்போதும் தயங்கும். வழவழப்பான மரக் கைப்பிடி துணியில் வழுக்கி வெளியே வந்துவிடும், ஆனால் உள்ளங்கையில் உறைக்கும். பையில் வைப்பவருக்கு மரமும் இடுப்பில் வைப்பவருக்கு ரப்பரும் பொருந்துகின்றன என்பது என் அனுபவம். பழைய ஒல்லி மரக் கைப்பிடியை விரும்புகிறவர், விசை வளையத்துக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை நிரப்பும் டைலர் டி-கிரிப் என்னும் சிறு உலோகத் துண்டைப் பூட்டலாம். நடுவிரல் விசை வளையத்தில் மோதி நோவது அதோடு நின்றுவிடும்.

கைப்பிடி வாங்கும்போது பலர் பார்க்கத் தவறுவது இடப்பக்கப் பலகையின் மேல்முனையை. தோட்டாக்களைத் தாங்கும் உருளையை வெளியே சாய்த்து, சுட்டு முடித்த ஐந்து காலித் தோட்டாக் கூடுகளைப் போட்டு, வெளித்தள்ளும் தண்டை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கைப்பிடிக்கு அருகில் வரும் கூட்டின் விளிம்பு அந்த மரத்தில் இடித்தால், அவசரத்தில் அதுவே சிக்கி நிற்கும். நன்றாகச் செய்த கைப்பிடியில் அந்த இடத்தை நகக்கண் அளவுக்குக் குடைந்து விட்டிருப்பார்கள். குடையாவிட்டால் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து நாமே சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது முன்குறி. சில மாதிரிகளில் அது ஒரு சிறு ஊசியால் பூட்டப்பட்டிருப்பதால் மாற்றிவிடலாம். 642-இன் வழக்கமான வடிவில் அது குழலின் மேற்பகுதியோடு ஒன்றாகவே அமைந்தது, மாற்ற முடியாது. அப்படிப்பட்டதற்கு வண்ணமே வழி. முன்குறியை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, முதலில் வெள்ளை பூசி, அது முழுவதும் காய்ந்த பின் பளிச்சென்ற ஆரஞ்சு வண்ணத்தை இரண்டு பூச்சு மெல்லியதாகப் பூச வேண்டும். அடியில் வெள்ளை இல்லாவிட்டால் ஆரஞ்சு மங்கித் தெரியும். குறியின் மேல்விளிம்பில் வண்ணம் உருண்டு திரளாமல் பார்த்துக்கொள்வது முக்கியம், ஏனெனில் அந்த விளிம்பை வைத்துத்தான் உயரம் பார்க்கிறோம்.

இனி விசை. தொழிற்சாலையிலிருந்து வரும் இந்த ரிவால்வர்களின் விசையை இழுக்க ஏறக்குறைய ஐந்தரை கிலோ அழுத்தம் வேண்டும். அது கடினமாக இருப்பதால் இலகுவான சுருள்வில்லை வாங்கிப் போடும் ஆசை எல்லோருக்கும் வருகிறது, எனக்கும் வந்தது. போட்ட அன்று விசை வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது. சுடுதளத்தில் முதல் இரண்டு முறை உருளையில் நிரப்பிய தோட்டாக்கள் எல்லாம் சரியாக வெடித்தன. மூன்றாவது முறை நிரப்பியதில் ஒரு தடவை ‘டக்’ என்ற ஓசை மட்டும் கேட்டது. அரை நிமிடம் குழலை இலக்கை நோக்கியே வைத்திருந்துவிட்டு உருளையைத் திறந்தேன். மற்ற நான்கு தோட்டாக்களின் பிரைமரிலும், அதாவது அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதிக் குமிழிலும், ஆழமான குழி இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் வெடிக்க வைக்கும் ஊசி தொட்டுச் சென்றது போல மேலோட்டமான தடம். பிரைமரின் கடினம் தோட்டாவுக்குத் தோட்டா, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இலகுவான வில் மென்மையானதை வெடிக்க வைக்கும், கடினமானதில் தோற்கும். அன்று மாலையே பழைய வில்லைத் திரும்பப் போட்டேன். விசையின் சொரசொரப்பைப் போக்க வேண்டுமானால், அனுபவமுள்ள கன்ஸ்மித் உள்ளே உரசும் பரப்புகளை மெருகேற்றித் தரலாம். பயிற்சியால் ஆயிரம் முறை இழுத்தாலே அதில் பாதி தானாகச் சீராகிவிடும், நம் விரலும் வலுப்பெறும். உள்ளிருக்கும் எந்தப் பாதுகாப்பு அமைப்பையும் கழற்றக் கூடாது. வில்லை மாற்றியே ஆக வேண்டும் என்பவர், தாம் ஏந்தப்போகும் அதே வகைத் தோட்டாவில் குறைந்தது நூறு தோட்டாக்களாவது ஒன்றுகூடத் தவறாமல் வெடித்த பிறகே அதை உடம்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதிலும் அளவு தெரிய வேண்டும். இவ்வளவு இலகுவான துப்பாக்கியில் .357 மேக்னம் என்னும் வலுமிக்க தோட்டாவைச் சுடுவது கைக்குத் தண்டனை. இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதைவிட மிதமான .38 ஸ்பெஷல் போதும். 158 கிரெய்ன் எடையுள்ள பட்டதும் விரியும்படி முனையில் குழியிட்ட மென் ஈயத் துளைமுனைக் குண்டு நெடுங்காலம் காவல்துறையினர் நம்பியது. அதிர்வைத் தாங்க முடியாதவருக்கு 148 கிரெய்ன் தட்டைமுனைக் குண்டு நல்ல தேர்வு. குட்டைக் குழலில் வேகம் குறைவதால் துளைமுனைக் குண்டுகள் பல விரியாமலே போகின்றன, ஆகவே குட்டைக் குழலுக்கென்றே செய்யப்பட்டதை வாங்குவது நல்லது. அழுத்தம் கூடிய பிளஸ் பி வகையைத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மிக இலகுவான ரிவால்வர்களில் அதிகம் நேரும் ஒரு தொல்லையும் உண்டு: வெடிப்பின் துள்ளலில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு தன் உலோகக் கூட்டிலிருந்து முன்னே நழுவி, உருளைக்கு வெளியே நீட்டி, அதைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். நான்கு தோட்டாக்களைச் சுட்டபின் ஐந்தாவதை வெளியே எடுத்து, புதியது ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மயிரிழை நீண்டிருந்தாலும் அந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்கு உரியதன்று.

உறை இல்லாமல் துப்பாக்கியைப் பையில் போடக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை. பைக்கான உறை விசை வளையத்தை முழுவதும் மூட வேண்டும், துப்பாக்கியை நிமிர்ந்தே நிற்க வைக்க வேண்டும், உருவும்போது தான் பைக்குள்ளேயே தங்க வேண்டும். உறையின் வெளிப்புறம் சொரசொரப்பாகவும் ஒரு முனை கொக்கிபோல நீண்டும் இருந்தால், பையின் விளிம்பில் மாட்டி நின்றுவிடும். அந்தப் பையில் சாவி, நாணயம், கைக்குட்டை எதுவும் இருக்கக் கூடாது. உருவும்போது கையை முஷ்டியாக மடக்கினால் பையின் வாயில் அடைத்துக்கொள்ளும். கட்டைவிரலைத் துப்பாக்கியின் முதுகின் மேல் தட்டையாக வைத்து இழுத்தால் கை ஒடுங்கி எளிதாக வெளியே வரும். விரல் விசையைத் தொடாமல் உடற்சட்டத்தின் பக்கவாட்டில் நேராக இருக்க வேண்டும். திரும்ப வைக்கும்போது பைக்குள் நேரடியாகத் திணிக்காமல், உறையை வெளியே எடுத்து, கண்ணால் பார்த்துத் துப்பாக்கியை அதில் செலுத்தி, இரண்டையும் சேர்த்துப் பையில் வைப்பதே முறை.

இடுப்புப் பட்டைக்கு உள்ளே வைப்பவருக்கு நெகிழாத பட்டை வேண்டும். பட்டை தொய்ந்தால் எந்த உறையும் சாய்ந்துவிடும். துப்பாக்கியை உருவிய பிறகு வாய் மூடிக்கொள்ளும் மென்மையான தோலுறை வேண்டாம், மடிந்த தோல் விசை வளையத்துக்குள் நுழைந்துவிடும். கணுக்கால் உறை காரில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பவருக்கு உதவும், நிற்பவருக்குத் தாமதம். கைப்பையில் வைப்பதை நான் விரும்புவதில்லை. கையைவிட்டுப் பை போனால் துப்பாக்கியும் போகிறது.

கூடுதல் தோட்டாக்களுக்கு, பையில் தட்டையாகக் கிடக்கும் ஸ்பீடு ஸ்ட்ரிப் என்னும் ரப்பர்ப் பட்டை போதும். இரண்டிரண்டாக நுழைத்து உரித்தெடுக்கலாம். வட்டமான ஸ்பீடு லோடர் விரைவானது, ஆனால் பையில் புடைக்கும். குட்டைக் குழல் உள்ள ரிவால்வரின் வெளித்தள்ளும் தண்டும் குட்டையாக இருப்பதால் சுட்ட தோட்டாக்களை அது முழுவதுமாக வெளியே தள்ளாது. குழல் வானை நோக்கியிருக்க, உள்ளங்கையால் ஒரே அடியாக ஓங்கித் தட்டினால் எல்லாம் விழுந்துவிடும். கீழ்நோக்கிப் பிடித்து மெதுவாக அழுத்தினால் எரியாத மருந்துத் துகள் நட்சத்திர வடிவத் தள்ளியின் அடியில் விழுந்து, உருளை மூட மறுக்கும்.

பயிற்சிக்குச் செல்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் சீறி வரும். துப்பாக்கி சிறியதாக இருப்பதால் துணைக்கையின் கட்டைவிரல் தெரியாமலே அங்கே போய்விடும். அதை மற்றக் கட்டைவிரலின் மேல் மடித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் தோட்டாவின்றி விசை இழுத்துப் பழகும்போது தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும், உருளையின் ஐந்து துளைகளையும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே தொடங்கட்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

பையில் இருக்கும் துப்பாக்கியில் பஞ்சும் தூசியும் சேர்ந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை தோட்டாக்களை எடுத்துவிட்டு, பழைய பல்துலக்கியால் தள்ளியின் அடியையும் உடற்சட்டத்தின் மேலுள்ள குறிபார்க்கும் பள்ளத்தையும் துடைத்து, திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்து, வியர்வை பட்ட இரும்பில் மெல்லிய எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் தோட்டாவின் பிரைமரில் படாதபடி உருளையின் துளைகளை உலர்ந்த துணியால் துடைத்த பின்பே மறுபடி நிரப்ப வேண்டும். இரவில் அதை உறையிலிருந்து பிரிக்காமல் அப்படியே பூட்டுள்ள சிறு பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். விசை மூடியபடியே இருக்கும். அந்தப் பெட்டகத்தின் எண்ணைக் குழந்தைகள் பார்க்கும்படி ஒருபோதும் அழுத்தக் கூடாது.